ஐரோப்பிய வான் போக்குவரத்து மேலாண்மை

ஐரோப்பிய வான் போக்குவரத்து மேலாண்மை என்பது ஐரோப்பிய நாடுகளின் வான்வெளியில் பறக்கும் வானூர்திகள் ஒன்றோடொன்று மோதாமலும், இயன்ற அளவு தாமதமின்றியும் சென்று சேர உதவும் சேவைகள், விதிகள், கருவிகள் ஆகியவற்றின் தொகுப்பு ஆகும். 2019 ஆம் ஆண்டில் இவ்வான்வெளியில் 1 கோடியே 10 இலட்சத்திற்கும் மேற்பட்ட பறப்புகள் நடைபெற்றன. உலகில் மிகுந்த நெரிசல் கொண்ட வான்வெளிகளுள் இதுவும் ஒன்று.

மூன்று மணி நேரப் பறப்பொன்று ஐந்து அல்லது ஆறு நாடுகளைக் கடப்பது ஐரோப்பாவில் இயல்பு. ஒவ்வொரு நாடும் தனக்கெனத் தனிச் சேவை நிறுவனம், தனிக் கட்டுப்பாட்டு மையங்கள், தனிக் கருவிகள் ஆகியவற்றை வைத்திருக்கிறது. இவற்றின் செலவை வானூர்தி நிறுவனங்கள் கட்டணமாகச் செலுத்துகின்றன. முடிவில் அது பயணச் சீட்டின் விலையில் சேர்கிறது. இச்சேவையைத் திறனுள்ளதாகவும் செலவு குறைந்ததாகவும் ஆக்கும் முயற்சிகள் 1960களிலிருந்து நடந்து வருகின்றன. தொழில்நுட்பம் சார்ந்த முயற்சிகளுள் பல வெற்றி பெற்றன. நாடுகள் தம் அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டிய முயற்சிகள் பெரும்பாலும் பாதியிலேயே நின்றன.

அடிப்படைச் செயற்பாடு

வான்வெளியானது பல வான்பிரிவுகளாகப் பகுக்கப்படுகிறது. ஒவ்வொரு வான்பிரிவையும் பொதுவாக இரு கட்டுப்பாட்டாளர்கள் கவனிக்கின்றனர். ஒருவர் வானோடிகளுடன் வானொலியில் பேசி உயரத்தையும் திசையையும் மாற்றச் சொல்கிறார். மற்றவர் அடுத்த சில நிமிடங்களில் உள்ளே வரவிருக்கும் வானூர்திகளைப் பார்த்து அண்டை வான்பிரிவுகளுடன் ஒருங்கிணைக்கிறார். வானூர்தி எல்லையை அடையும்போது அது அடுத்த வான்பிரிவின் கட்டுப்பாட்டாளரிடம் ஒப்படைக்கப்படுகிறது.

ஒரு வான்பிரிவின் கொள்ளளவு அதில் உள்ள காலியிடத்தால் தீர்மானிக்கப்படுவதில்லை. ஒரு கட்டுப்பாட்டாளர் ஒரே நேரத்தில் எத்தனை வானூர்திகளை மனத்தில் வைத்துக் கையாள முடியும் என்பதே அதன் வரம்பு ஆகும். நெரிசல் கூடும்போது வான்பிரிவை இரண்டாகப் பிரித்து இன்னும் இரு கட்டுப்பாட்டாளர்களை அமர்த்தலாம். ஆனால் வான்பிரிவு சிறிதாகும்போது வானூர்தி அதில் இருக்கும் நேரமும் குறைகிறது, ஒப்படைப்புகளின் எண்ணிக்கை கூடுகிறது. ஒரு கட்டத்திற்குப் பின் பிரிப்பதால் கிடைக்கும் பயனை ஒப்படைக்கும் வேலையே விழுங்கிவிடும். ஆகவே ஆட்களைச் சேர்ப்பதால் மட்டும் கொள்ளளவைத் தொடர்ந்து கூட்ட முடியாது.

கட்டுப்பாட்டாளரின் உரிமம் அவர் பயிற்சி பெற்ற குறிப்பிட்ட வான்பிரிவுகளுக்கு மட்டுமே செல்லும். ஒரு மையத்தில் ஆட்கள் மிகுதியாகவும் அடுத்த மையத்தில் குறைவாகவும் இருந்தால், முன்னவர்களை உடனே அங்கு அனுப்ப இயலாது. புதியவர் ஒருவரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்றுவித்து முழுப் பணியில் அமர்த்தச் சில ஆண்டுகள் பிடிக்கும். இன்று எடுக்கும் சிக்கன முடிவின் விளைவு சில ஆண்டுகள் கழித்தே தெரியும் என்பது இத்துறையின் தனித்தன்மை ஆகும்.

துண்டுபட்ட வான்வெளி

1944 ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையின் முதல் பிரிவு, ஒவ்வொரு நாட்டிற்கும் தன் நிலப்பரப்பின் மேலுள்ள வான்வெளியில் முழுமையான, தனித்த இறைமை உண்டு என்கிறது. இதனால் ஐரோப்பாவின் நில எல்லைகள் அப்படியே வானிலும் எல்லைகளாயின. வான்பிரிவுகள் போக்குவரத்தின் போக்கிற்கு ஏற்ப அமையாமல் நாட்டெல்லைகளுக்கு ஏற்ப அமைந்தன.

யூரோகண்ட்ரோல் அமைப்பும் அமெரிக்கக் கூட்டாட்சி வான்போக்குவரத்து நிர்வாகமும் 2010களில் இணைந்து வெளியிட்ட ஒப்பீடுகள் இதன் விளைவைக் காட்டின. இரு வான்வெளிகளும் ஏறத்தாழ ஒரே பரப்பு கொண்டவை. ஐரோப்பாவில் 37 சேவை நிறுவனங்களும் 60க்கு மேற்பட்ட வழித்தடக் கட்டுப்பாட்டு மையங்களும் இருந்தன. அமெரிக்கப் பெருநிலப்பரப்பில் ஒரே நிறுவனமும் 20 மையங்களும் இருந்தன. ஆயினும் அமெரிக்கா ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பறப்புகளைக் குறைந்த எண்ணிக்கையிலான கட்டுப்பாட்டாளர்களைக் கொண்டு கையாண்டது.

2006 இல் யூரோகண்ட்ரோலுக்காகச் செய்யப்பட்ட ஆய்வொன்று, இத்துண்டுபாட்டால் மட்டும் ஆண்டுதோறும் 88 கோடி முதல் 140 கோடி யூரோ வரை மிகைச் செலவு ஏற்படுவதாக மதிப்பிட்டது. ஒவ்வொரு நாடும் கணினி அமைப்புகளைத் தனித்தனியே வாங்குவதும், தனித்தனியே பராமரிப்பதும், சிறிய மையங்களை நடத்துவதும் இதன் முக்கியக் காரணங்கள் ஆகும்.

யூரோகண்ட்ரோல்

வான்வெளியை ஒன்றாக நடத்தும் எண்ணம் புதியதன்று. பெல்ஜியம், பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, லக்சம்பர்க், நெதர்லாந்து, ஐக்கிய இராச்சியம் ஆகிய ஆறு நாடுகள் 1960 டிசம்பர் 13 அன்று பிரசல்சில் கையெழுத்திட்ட உடன்படிக்கையின்படி யூரோகண்ட்ரோல் உருவானது. உடன்படிக்கை 1963 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. உறுப்பு நாடுகளின் மேல் வான்வெளியை இவ்வமைப்பே நேரடியாகக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது தொடக்க நோக்கம்.

இந்நோக்கம் முழுமையாக நிறைவேறவில்லை. பிரான்சும் ஐக்கிய இராச்சியமும் தம் மேல் வான்வெளியைத் தம்மிடமே வைத்துக்கொண்டன. யூரோகண்ட்ரோல் அமைத்த மையங்களுள் ஜெர்மனியின் கார்ல்சுரூவும் அயர்லாந்தின் ஷானனும் பின்னர் அந்தந்த நாடுகளிடமே சென்றன. 1972 இல் பணி தொடங்கிய மாஸ்ட்ரிக்ட் மையம் மட்டும் இன்றும் நான்கு நாடுகளுக்குப் பொதுவாக இயங்குகிறது. பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க், வடமேற்கு ஜெர்மனி ஆகியவற்றின் மீது 24,500 அடிக்கு மேலுள்ள வான்வெளியை இது கவனிக்கிறது. எல்லைகளைக் கடந்து கட்டுப்பாட்டை நடத்துவது தொழில்நுட்ப முறையில் இயலும் என்பதற்கு இம்மையம் சான்றாகக் காட்டப்படுகிறது.

யூரோகண்ட்ரோலில் இன்று 40க்கும் மேற்பட்ட உறுப்பு நாடுகள் உள்ளன. இது ஐரோப்பிய ஒன்றியத்தின் அமைப்பு அன்று. துருக்கி போன்ற ஒன்றியத்தில் இல்லாத நாடுகளும், ஒன்றியத்திலிருந்து விலகிய ஐக்கிய இராச்சியமும் இதில் உறுப்பினர்களாக உள்ளன.

வழித்தடக் கட்டணம்

கடக்கும் ஒவ்வொரு நாட்டிற்கும் வானூர்தி நிறுவனம் கட்டணம் செலுத்த வேண்டும். யூரோகண்ட்ரோலின் மையக் கட்டண அலுவலகம் இதனைக் கணக்கிட்டு, ஒரே பட்டியலாக வசூலித்து, நாடுகளுக்குப் பிரித்துத் தருகிறது. கணக்கிடும் முறை பின்வருமாறு:

கட்டணம் = தொலைவுக் காரணி × எடைக் காரணி × அலகு வீதம்

- தொலைவுக் காரணி: அந்நாட்டின் வான்வெளியில் நுழையும் புள்ளிக்கும் வெளியேறும் புள்ளிக்கும் இடைப்பட்ட தொலைவைக் கிலோமீட்டரில் எடுத்து 100 ஆல் வகுத்துப் பெறுவது.
- எடைக் காரணி: வானூர்தியின் மிகுதிபட்சப் புறப்பாட்டு எடையை டன்னில் எடுத்து, 50 ஆல் வகுத்து, வர்க்கமூலம் காண்பது.
- அலகு வீதம்: ஒவ்வொரு நாடும் தன் சேவைச் செலவைக் கொண்டு நிர்ணயிக்கும் தொகை.

எடுத்துக்காட்டாக, 72 டன் எடையுள்ள வானூர்தி ஒன்று அலகு வீதம் 60 யூரோ கொண்ட ஒரு நாட்டின் மேல் 800 கிலோமீட்டர் பறக்கிறது எனக் கொள்வோம். தொலைவுக் காரணி 8. எடைக் காரணி 1.44 இன் வர்க்கமூலமான 1.2. கட்டணம் 8 × 1.2 × 60 = 576 யூரோ ஆகும். எடைக்கு வர்க்கமூலம் எடுப்பதால் நான்கு மடங்கு எடையுள்ள வானூர்தி இரு மடங்கு கட்டணமே செலுத்துகிறது. பெரிய வானூர்தியால் கட்டுப்பாட்டாளரின் வேலை எடைக்கு ஏற்றவாறு கூடுவதில்லை என்பதால் இது ஓரளவு பொருத்தமானதே.

அலகு வீதங்கள் நாட்டுக்கு நாடு பெரிதும் வேறுபடுகின்றன. இதனால் விந்தையான விளைவொன்று ஏற்படுகிறது. கட்டணம் மிகுந்த நாட்டைத் தவிர்த்துச் சுற்றிச் செல்லும்போது, கூடுதலாக எரியும் எரிபொருளின் விலை கட்டண மிச்சத்தை விடக் குறைவாக இருந்தால், சுற்றுப்பாதையே நிறுவனத்திற்கு இலாபம் ஆகும். ஒரு கிலோகிராம் எரிபொருள் எரிந்தால் 3 கிலோகிராமுக்கும் சற்று மேற்பட்ட கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. ஒரு நிறுவனத்தின் சிக்கனம் இங்கு சுற்றுச்சூழலுக்குச் செலவாக முடிகிறது.

முன்னர் கட்டணம், இறுதியாகப் பதிவு செய்யப்பட்ட பறப்புத் திட்டத்தின் பாதையைக் கொண்டு கணக்கிடப்பட்டது. கட்டுப்பாட்டாளர் நேர்வழி தந்து வானூர்தி வேறு நாட்டின் வழியே சென்றாலும் பணம் திட்டத்தில் உள்ள நாட்டிற்கே சேர்ந்தது. 2020 சனவரி 1 முதல் உண்மையில் பறந்த பாதையே கணக்கில் கொள்ளப்படுகிறது.

ஓட்ட மேலாண்மை

ஒரு வான்பிரிவு ஒரு மணி நேரத்தில் 40 வானூர்திகளை ஏற்கும், ஆனால் 50 வரவிருக்கின்றன எனில் மிகுதியானவற்றை என்ன செய்வது என்பதே ஓட்ட மேலாண்மையின் வினா. வானில் வட்டமிட வைத்தால் எரிபொருள் வீணாகும், ஆபத்தும் கூடும். ஆகவே அவை புறப்படும் நிலையத்திலேயே தரையில் நிறுத்தி வைக்கப்படுகின்றன.

இப்பணியை முன்னர் பல நாடுகள் தனித்தனியே செய்தன. இதனை ஒரே இடத்தில் செய்ய பிரசல்சில் மைய ஓட்ட மேலாண்மைப் பிரிவு உருவாக்கப்பட்டு, 1990களின் நடுப்பகுதியில் முழுமையாகச் செயல்படத் தொடங்கியது. ஐரோப்பாவின் பறப்புத் திட்டங்கள் யாவும் இங்கு வந்து சேர்கின்றன. நெரிசலான வான்பிரிவைக் கடக்கும் ஒவ்வொரு பறப்புக்கும் கணினி ஒரு புறப்பாட்டு நேரத்தை ஒதுக்குகிறது. வானூர்தி அந்நேரத்திற்கு 5 நிமிடம் முன்பிருந்து 10 நிமிடம் பின்பு வரையிலான இடைவெளியில் மேலெழ வேண்டும்.

ஏதென்சில் வானம் தெளிவாக இருந்தும் வானூர்தி ஒரு மணி நேரம் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. வழியில் உள்ள ஜெர்மனியின் இடிமழையோ பிரான்சின் வேலைநிறுத்தமோ காரணமாக இருக்கலாம். 2011 இல் ஐரோப்பிய ஆணையம் யூரோகண்ட்ரோலை வலையமைப்பு மேலாளராக நியமித்தது. ஓட்ட மேலாண்மை இப்பொறுப்பின் கீழ் வந்தது.

கொள்ளளவைக் கூட்டிய மாற்றங்கள்

செங்குத்து இடைவெளிக் குறைப்பு

29,000 அடிக்கு மேல் உயரமானிகளின் துல்லியம் குறைவாக இருந்ததால் வானூர்திகளுக்கு இடையே 2,000 அடி செங்குத்து இடைவெளி விடப்பட்டது. கருவிகள் மேம்பட்டபின், 2002 சனவரி 24 அன்று ஐரோப்பாவில் 29,000 அடிக்கும் 41,000 அடிக்கும் இடையே இது 1,000 அடியாகக் குறைக்கப்பட்டது. இதனால் 7 ஆக இருந்த பறப்பு மட்டங்கள் 13 ஆயின. ஒரே நாளில் ஒரு கண்டம் முழுவதும் இம்மாற்றம் நடைமுறைக்கு வந்தது. தாமதத்தைக் குறைத்ததில் இது மிகப் பயனுள்ள நடவடிக்கைகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

வானொலி அலைவரிசைகள்

ஒவ்வொரு வான்பிரிவுக்கும் ஒரு வானொலி அலைவரிசை தேவை. அலைவரிசைகள் தீர்ந்துபோனதால் புதிய வான்பிரிவுகளைத் திறக்க இயலாத நிலை ஏற்பட்டது. 25 கிலோ ஹெர்ட்ஸ் இடைவெளியை மூன்றாகப் பகுத்து 8.33 கிலோ ஹெர்ட்ஸ் இடைவெளி 1999 இல் மேல் வான்வெளியில் அறிமுகமானது. பின்னர் படிப்படியாகக் கீழ் வான்வெளிக்கும் விரிவாக்கப்பட்டது.

கட்டற்ற வழித்தட வான்வெளி

மரபு முறையில் வானூர்திகள் தரை வழிகாட்டி நிலையங்களை இணைக்கும் நிலையான வழித்தடங்களில் பறந்தன. செயற்கைக்கோள் வழிகாட்டல் வந்தபின் இதற்குத் தேவை குறைந்தது. நுழையும் புள்ளியிலிருந்து வெளியேறும் புள்ளிக்கு வானூர்தி நிறுவனமே பாதையைத் திட்டமிடும் முறை 2009 இல் போர்த்துகலில் தொடங்கியது. 2015 இல் ஹங்கேரி தன் முழு வான்வெளியிலும் இதனைச் செயற்படுத்தியது. 2014 ஆம் ஆண்டின் ஒன்றிய விதி, 31,000 அடிக்கு மேல் இம்முறையை 2022 தொடக்கத்திற்குள் கொண்டுவரக் கோரியது. அண்டை நாடுகள் இணைந்து எல்லை கடந்தும் செயற்படுத்தும்போது இதன் பயன் மேலும் கூடுகிறது. மிகக் குறுகிய பாதையே எப்போதும் மிகக் குறைந்த எரிபொருளைக் குடிக்கும் என்பதில்லை. காற்றின் போக்கையும் நிறுவனங்கள் கணக்கில் கொள்கின்றன.

இராணுவ வான்வெளியைப் பகிர்தல்

முன்பு வான்வெளியின் சில பகுதிகள் நிரந்தரமாக இராணுவத்திற்கு ஒதுக்கப்பட்டிருந்தன. பயிற்சி இல்லாத நாட்களிலும் பயணிகள் வானூர்திகள் அவற்றைச் சுற்றியே சென்றன. 1990களின் நடுவிலிருந்து, தேவைப்படும் நேரத்திற்கு மட்டும் ஒதுக்கி மற்ற நேரங்களில் திறந்துவிடும் நெகிழ்வு முறை பின்பற்றப்படுகிறது.

நேர அடிப்படை இடைவெளி

தரையிறங்கும் வானூர்திகளுக்கு இடையே குறிப்பிட்ட தொலைவு விடப்படுகிறது. எதிர்க்காற்று பலமாக வீசும்போது வானூர்திகளின் தரைவேகம் குறைவதால், அதே தொலைவைக் கடக்கக் கூடுதல் நேரமாகி, மணிக்கு இறங்கும் எண்ணிக்கை குறைகிறது. 2015 மார்ச்சில் இலண்டன் ஹீத்ரோ நிலையத்தில் தொலைவுக்குப் பதிலாக நேரத்தைக் கொண்டு இடைவெளி விடும் முறை தொடங்கப்பட்டது. பலமான காற்றில் முன்செல்லும் வானூர்தியின் சுழல்காற்று விரைவில் கலைந்துவிடும் என்பதே இதன் அடிப்படை.

தரவு இணைப்பும் தொலைநிலைக் கோபுரமும்

வானொலியில் பேசுவதற்குப் பதில் எழுத்துச் செய்தி வழியே கட்டளை அனுப்பும் தரவு இணைப்பு, கட்டுப்பாட்டாளரின் பேச்சுச் சுமையைக் குறைக்கும். மாஸ்ட்ரிக்ட் மையம் 2000களின் தொடக்கத்திலேயே இதனைப் பயன்படுத்தியது. ஆனால் இணைப்பு அடிக்கடி அறுந்த சிக்கலால், வானூர்திகளில் இதனைப் பொருத்த விதிக்கப்பட்ட 2015 காலக்கெடு 2020க்குத் தள்ளிவைக்கப்பட்டது.

போக்குவரத்துக் குறைந்த சிறு நிலையங்களுக்கு, ஒளிப்படக்கருவிகள் வழியே வேறோர் ஊரிலிருந்து கட்டுப்பாடு வழங்கும் முறை 2015 ஏப்ரலில் சுவீடனின் எர்ன்ஷெல்ட்ஸ்விக் நிலையத்தில் தொடங்கியது. அதன் கட்டுப்பாட்டாளர்கள் 100 கிலோமீட்டருக்கும் மேல் தொலைவிலுள்ள சுண்ட்ஸ்வாலில் அமர்ந்து பணிபுரிந்தனர்.

ஒற்றை ஐரோப்பிய வான்வெளி

1999 இல் கொசோவோப் போரும் போக்குவரத்துப் பெருக்கமும் சேர்ந்து ஐரோப்பாவெங்கும் கடும் தாமதத்தை ஏற்படுத்தின. அவ்வாண்டின் இறுதியில், போக்குவரத்துத் துறை ஆணையர் லொயோலா டி பலாசியோவின் காலத்தில், ஒற்றை ஐரோப்பிய வான்வெளித் திட்டம் முன்வைக்கப்பட்டது. 2004 இல் நான்கு அடிப்படை விதிகள் இயற்றப்பட்டன. கட்டுப்படுத்தும் அதிகாரமும் சேவை வழங்கும் நிறுவனமும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்பது அவற்றின் முக்கியக் கூறுகளுள் ஒன்று.

2005 இல் ஐரோப்பிய ஆணையம் நான்கு பெரும் இலக்குகளை அறிவித்தது:

- வான்வெளியின் கொள்ளளவை மூன்று மடங்காக்குதல்
- பாதுகாப்பைப் பத்து மடங்கு மேம்படுத்துதல்
- ஒவ்வொரு பறப்பின் சுற்றுச்சூழல் பாதிப்பை 10 விழுக்காடு குறைத்தல்
- வான் போக்குவரத்து மேலாண்மைச் செலவைப் பாதியாக்குதல்

இவற்றிற்கான தொழில்நுட்பத்தை உருவாக்கும் செசார் திட்டத்திற்கென 2007 இல் கூட்டு நிறுவனம் ஒன்று அமைக்கப்பட்டது. 2009 இல் இரண்டாம் தொகுதி விதிகள் வந்தன. அவை செயல்திறன் திட்டத்தை அறிமுகப்படுத்தியதுடன், செயல்முறை வான்வெளித் தொகுதிகளை 2012 டிசம்பருக்குள் அமைக்கவும் கோரின.

நாட்டெல்லைகளுக்குப் பதில் போக்குவரத்தின் போக்கைக் கொண்டு வான்வெளியைப் பகுப்பதே இத்தொகுதிகளின் நோக்கம். ஒன்பது தொகுதிகள் அறிவிக்கப்பட்டன. அவற்றுள் பெரியதான மைய ஐரோப்பியத் தொகுதியில் பிரான்ஸ், ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க், சுவிட்சர்லாந்து ஆகியவை இணைந்தன. ஆனால் பெரும்பாலான தொகுதிகள் ஒத்துழைப்புக் குழுக்களாகவே நின்றன. மையங்கள் இணைக்கப்படவில்லை, கருவிகள் பொதுவாகவில்லை, அலகு வீதமும் ஒன்றாகவில்லை. ஐரோப்பியத் தணிக்கையாளர் மன்றம் 2017 இல் வெளியிட்ட சிறப்பு அறிக்கை, இம்முயற்சி சிந்தனைப் போக்கை மாற்றியதேயன்றி ஒற்றை வான்வெளியை உருவாக்கவில்லை என்று மதிப்பிட்டது.

செயல்திறன் திட்டம்

2012 வரை சேவை நிறுவனங்கள் தம் முழுச் செலவையும் கட்டணமாக வசூலிக்க முடிந்தது. போக்குவரத்துக் குறைந்தால் அதே செலவு குறைந்த பறப்புகளின் மேல் பங்கிடப்பட்டு அலகு வீதம் உயர்ந்தது. நட்டத்தில் இருக்கும் வானூர்தி நிறுவனங்களே மிகுதியாகச் செலுத்த நேர்ந்தது. செலவைக் குறைக்கும் தூண்டுதல் சேவை நிறுவனங்களுக்கு இல்லை.

2012 இல் தொடங்கிய செயல்திறன் திட்டத்தின்படி பாதுகாப்பு, சுற்றுச்சூழல், கொள்ளளவு, செலவுத் திறன் ஆகிய நான்கு துறைகளில் ஒன்றியம் முழுமைக்கும் இலக்குகள் வரையறுக்கப்படுகின்றன. குறிப்புக் காலங்கள் 2012–2014, 2015–2019, 2020–2024, 2025–2029 என அமைந்தன.

செலவு முன்னதாகவே நிர்ணயிக்கப்படுகிறது. மிச்சம் பிடித்தால் அது நிறுவனத்திற்குச் சேரும், மிகுந்தால் அதுவே ஏற்க வேண்டும். போக்குவரத்து எதிர்பார்ப்பிலிருந்து மாறுபட்டால் ஏற்படும் இழப்பு பகிரப்படுகிறது. முதல் 2 விழுக்காடு மாறுபாட்டை நிறுவனமே ஏற்கும். 2 முதல் 10 விழுக்காடு வரையிலான பகுதியில் 30 விழுக்காட்டை நிறுவனமும் 70 விழுக்காட்டை வானூர்தி நிறுவனங்களும் ஏற்கும். அதற்கு மேற்பட்டதைப் பயனாளர்களே ஏற்பர்.

கொள்ளளவின் அளவுகோல் ஒரு பறப்புக்கான சராசரி வழித்தடத் தாமதம் ஆகும். இரண்டாம் குறிப்புக் காலத்தில் அதன் இலக்கு 0.5 நிமிடம். சுற்றுச்சூழலின் அளவுகோல், உண்மையில் பறந்த பாதை மிகக் குறுகிய பாதையை விட எத்தனை விழுக்காடு நீளமானது என்பதாகும். 2019க்கான இலக்கு 2.6 விழுக்காடு, அதாவது 1,000 கிலோமீட்டருக்கு 26 கிலோமீட்டர் மிகை. இவ்விலக்கு எட்டப்படவில்லை.

இலக்குகளுக்கு இடையிலான முரண்

நான்கு இலக்குகளும் ஒன்றையொன்று இழுக்கின்றன. இது 2018 ஆம் ஆண்டில் தெளிவாக வெளிப்பட்டது. முந்தைய ஆண்டுகளில் போக்குவரத்து மெதுவாகவே வளர்ந்தது. செலவு இலக்கை எட்டுவதற்காகப் பல நிறுவனங்கள் புதிய கட்டுப்பாட்டாளர்களைச் சேர்ப்பதைக் குறைத்திருந்தன. போக்குவரத்து எதிர்பார்த்ததை விட விரைவாகக் கூடியபோது ஆட்கள் போதவில்லை. சராசரி வழித்தடத் தாமதம் 0.5 நிமிட இலக்கைப் போல் மூன்று மடங்குக்கும் மேலாக, 1.7 நிமிடத்தைத் தாண்டியது.

சராசரி சிறியதாகத் தோன்றினாலும் தாமதம் எல்லாப் பறப்புகளுக்கும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. பெரும்பாலானவை தாமதமின்றிச் செல்ல, சில பறப்புகள் அரை மணி நேரம் அல்லது அதற்கு மேல் நிற்கின்றன. ஓட்ட மேலாண்மையால் ஏற்படும் தாமதத்தின் ஒவ்வொரு நிமிடமும் வானூர்தி நிறுவனத்திற்குச் சராசரியாகச் சுமார் 100 யூரோ செலவை ஏற்படுத்துவதாக ஐரோப்பிய ஆய்வுகள் மதிப்பிட்டன. மேலே கண்ட எடுத்துக்காட்டில் கட்டணம் 576 யூரோ. அலகு வீதம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மிச்சம் சுமார் 58 யூரோ. அந்தச் சிக்கனத்தால் பறப்பு ஒரு நிமிடம் தாமதமானாலே மிச்சம் முழுவதும் மறைந்து, மேலும் 42 யூரோ நட்டமாகிறது. ஆகவே கட்டணத்தை மட்டும் பார்த்து ஒரு சேவையை மலிவானது எனக் கூற இயலாது. கட்டணம், தாமதச் செலவு, மிகைத் தொலைவின் செலவு ஆகிய மூன்றின் கூட்டுத்தொகையே உண்மையான செலவு ஆகும்.

2019 கோடையில் நெரிசலான மையங்களைக் காக்கப் பல பறப்புகள் நீண்ட பாதைகளுக்கும் தாழ்ந்த உயரங்களுக்கும் திருப்பிவிடப்பட்டன. தாமதம் குறைந்தது, எரிபொருள் செலவும் புகை வெளியேற்றமும் கூடின. ஒரு அளவுகோலின் குறை மற்றோர் அளவுகோலுக்கு மாற்றப்பட்டது எனலாம்.

ஊபர்லிங்கன் விபத்து

2002 சூலை 1 இரவில் ஜெர்மனியின் ஊபர்லிங்கன் நகருக்கு அருகே ரஷ்யாவின் டூபொலேவ் 154 வானூர்தியும் போயிங் 757 சரக்கு வானூர்தியும் வானில் மோதின. 71 பேரும் இறந்தனர். டூபொலேவில் இருந்தோருள் பலர் விடுமுறைக்குச் சென்ற பள்ளிச் சிறார்.

ஜெர்மன் மண்ணின் மேலுள்ள அவ்வான்பகுதி, ஏற்பாட்டின்படி, சுவிட்சர்லாந்தின் சூரிக் மையத்தால் கட்டுப்படுத்தப்பட்டது. இரவுப் பணியில் இருந்த இருவருள் ஒருவர் ஓய்வுக்குச் சென்றிருந்தார். நிறுவனம் நீண்டகாலமாக அனுமதித்துவந்த வழக்கம் அது. எஞ்சிய ஒருவரே இரு பணியிடங்களைக் கவனித்தார். பராமரிப்பு வேலைக்காக மோதல் எச்சரிக்கை முறையின் ஒரு பகுதியும் முதன்மைத் தொலைபேசி இணைப்புகளும் நிறுத்தப்பட்டிருந்தன. ஆபத்தைத் திரையில் கண்ட கார்ல்சுரூ மையம் பலமுறை முயன்றும் சூரிக் மையத்தைத் தொலைபேசியில் அடைய முடியவில்லை. டூபொலேவின் மோதல் தவிர்ப்புக் கருவி மேலேறச் சொன்னது. கட்டுப்பாட்டாளர் கீழிறங்கச் சொன்னார். போயிங்கின் கருவியும் அதனைக் கீழிறங்கச் சொன்னதால் இரண்டும் ஒருசேரக் கீழிறங்கின.

இத்தகைய முரண்பாட்டில் கருவியின் கட்டளையையே பின்பற்ற வேண்டும் என்பது இவ்விபத்துக்குப் பின் தெளிவாக்கப்பட்டது. வான் போக்குவரத்து மேலாண்மையில் வேலையின்றி இருப்பதுபோல் தோன்றும் இரண்டாவது ஆளும், பயன்படாததுபோல் தோன்றும் மாற்றுத் தொலைபேசியும் வீண்செலவு அல்ல என்பதற்கு இது கொடிய சான்றாக நிலைத்துவிட்டது. செயல்திறன் திட்டத்தின் நான்கு துறைகளுள் பாதுகாப்பு இடம்பெறுவதன் தேவையும் இதுவே.

நெருக்கடிகள்

2010 ஏப்ரலில் ஐசுலாந்தின் ஏயாஃப்யாட்லஆயெர்குட்ல் எரிமலையின் சாம்பல் ஐரோப்பிய வான்வெளியின் பெரும்பகுதியை மூடியது. சுமார் ஒரு இலட்சம் பறப்புகள் கைவிடப்பட்டன. ஒவ்வொரு நாடும் தனித்தனியே முடிவெடுத்ததால் குழப்பம் மிகுந்தது. இதனையடுத்து ஐரோப்பிய வான்போக்குவரத்து நெருக்கடி ஒருங்கிணைப்புக் குழு அமைக்கப்பட்டது.

2020 இல் கோவிட்-19 பெருந்தொற்றால் பறப்புகள் முந்தைய ஆண்டின் பாதிக்கும் கீழே, ஏறத்தாழ 50 இலட்சமாகச் சரிந்தன. செலவுகள் அந்த அளவுக்குக் குறையவில்லை. ஒரு வானூர்தி வந்தாலும் மையம் திறந்திருக்க வேண்டும். ஏற்பட்ட இழப்பைப் பல ஆண்டுகளில் பரப்பி வசூலிக்கச் சிறப்பு விதிகள் இயற்றப்பட்டன.

2022 பிப்ரவரியில் உக்ரைன் வான்வெளி மூடப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியமும் ரஷ்யாவும் ஒன்று மற்றொன்றின் வானூர்திகளுக்குத் தடை விதித்தன. கிழக்கு நோக்கிய பறப்புகள் நீண்ட சுற்றுப்பாதைகளை மேற்கொண்டதுடன், தென்கிழக்கு ஐரோப்பாவின் வான்பிரிவுகளில் நெரிசலும் கூடியது.

விமர்சனங்களும் சீர்திருத்தத்தின் நிலையும்

வானூர்தி நிறுவனங்கள், துண்டுபாடு நீங்காததால் தாங்கள் தேவையற்ற செலவைச் சுமப்பதாகக் கூறுகின்றன. கட்டுப்பாட்டாளர் சங்கங்கள், செலவு இலக்குகள் ஆள்பற்றாக்குறையையும் சோர்வையும் உண்டாக்குவதாகக் கூறுகின்றன. நாடுகள், வான்வெளி தம் பாதுகாப்போடும் வேலைவாய்ப்போடும் தொடர்புடையது எனச் சுட்டுகின்றன. சேவை நிறுவனங்களும் ஒரே வகையின அல்ல. பிரான்சில் இது அரசுத் துறை. ஐக்கிய இராச்சியத்தில் 2001 இல் பகுதி தனியார்மயமானது. இத்தாலிய நிறுவனம் 2016 இல் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது.

2013 இல் முன்மொழியப்பட்ட மூன்றாம் கட்டச் சீர்திருத்தம், ஜிப்ரால்டர் வானூர்தி நிலையம் குறித்து ஸ்பெயினுக்கும் ஐக்கிய இராச்சியத்திற்கும் இடையிலான பிணக்கால் பல ஆண்டுகள் தேங்கியது. ஒரேயொரு ஓடுபாதை கொண்ட சிறு நிலையம் ஒன்று ஒரு கண்டத்தின் விதிகளைத் தடுத்து நிறுத்தியது. ஐக்கிய இராச்சியம் ஒன்றியத்திலிருந்து விலகிய பின், 2020 இல் திருத்தப்பட்ட முன்மொழிவு பேச்சுவார்த்தைகளைக் கடந்து 2024 இல் விதியாக நிறைவேறி, அவ்வாண்டு டிசம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. வலையமைப்பு மேலாளரின் பணியை இது வலுப்படுத்துகிறது. எனினும் தத்தம் வான்வெளியில் சேவையை யார் வழங்குவது என்பதை முடிவு செய்யும் உரிமை நாடுகளிடமே உள்ளது.

2002 இல் பறப்பு மட்டங்களின் எண்ணிக்கையை ஒரே இரவில் கூட்ட முடிந்தது. அதற்கு எந்த நாடும் தன் மையத்தை மூட வேண்டியிருக்கவில்லை. எஞ்சியுள்ள சீர்திருத்தங்களுள் பல அவ்வாறானவை அல்ல என்பதால், அவற்றின் வேகம் தொழில்நுட்பத்தைக் காட்டிலும் நாடுகளின் இசைவையே சார்ந்துள்ளது.